மற்றும் பலர்

முதலில் வந்தது கல் இல்லை,
சுண்ணாம்பு.
இருளாயியின் மிளகாய்க் கொல்லையில் ஏறி
மையவாடிச் சுவரை உரசி
ஊருணியை ஒரே எட்டில் தாண்டி
ஒரு வெள்ளைக்கோடு
கடலைப் பார்த்துப் போனது.
போட்ட பையன் பரமக்குடிக்காரன்.
தண்ணீர் கேட்டான், கொடுத்தோம்.
என்ன தம்பி இது என்றோம்.
தெரியலக்கா, போடச் சொன்னாக.

அடுத்த வாரம் தாலுகா ஆபீசில்
காற்றாடி சுற்றாத அறையில்
வாசித்துக் காட்டினார்கள்.
நிலம் உங்களுடையதுதான்.
பட்டா உங்கள் பெயரில்தான்.
மரம் வைக்கக் கூடாது.
கிணறு வெட்டக் கூடாது.
சுவர் எழுப்பக் கூடாது.
அடியில் எரிவாயு போகும்,
அது உங்களுக்குத் தெரியவே தெரியாது.

சாத்தையா எழுந்தார்.
மாடு என்னோடது மடி உங்களோடதுன்னா
வைக்கல் மட்டும் நான் வைக்கணுமாக்கும்?
சிரித்தவர்களில் அதிகாரியும் ஒருவர்.
பிறகு கைக்குட்டையால்
வாயைத் துடைத்துக்கொண்டார்.

வாசம் இருக்காதாமே அந்த வாயுவுக்கு
என்று கேட்டாள் செபஸ்தியம்மாள்.
கருவாடு காயப்போடுகிறவள்.
காற்று திரும்பினால் போதும்,
எந்தப் பாயில் எந்தச் சாளை கெட்டது என்று
பொழுது விடியுமுன் சொல்லிவிடுவாள்.
அவளுக்கு அன்று
பதில் சொன்னவர் யாருமில்லை.

அடங்கலில் இருளாயியின் கொல்லை
தரிசு என்று இருந்தது.
தரிசுக்குப் பயிர் நஷ்டம் கிடையாது.
பங்குனி வெயிலில் காய்ந்துகொண்டிருந்த
முண்டு வத்தலில் ஒரு சாக்கைக் கட்டி
பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனாள்,
அதற்கும் லக்கேஜ் டிக்கெட் எடுத்து.
ஆபீஸ் வாசலில் கொட்டினாள்.
தரிசு வெளஞ்சதை நிறுத்துக்கங்க.
மாடியில் இருந்த சர்வே பிரிவுவரை
தும்மினார்கள்.

எல்லோரும் ஒன்றாக நின்றோம் என்று
சொல்லமாட்டேன்.
என் தம்பி கூரிச்சாமி
கையெழுத்துப் போட்டுவிட்டான்.
மகளுக்கு நர்சிங், மூன்றாம் வருஷ பீஸ்.
அவனைத் திட்டியவர்கள் யாரும்
பீஸ் கட்ட வரவில்லை.
நானும்தான் திட்டினேன்.

எந்திரம் வந்தது
பள்ளிவாசலில் பாங்கு சொல்வதற்கும் முன்னால்.
விளக்கை அணைத்துக்கொண்டுதான் வந்தது,
நாய்கள் காட்டிக்கொடுத்தன.
போய்க் கோட்டின்மேல் உட்கார்ந்தோம்.
பாசி எடுக்கக் கடலுக்குக் கிளம்பியவர்கள்
கை உறையோடு உட்கார்ந்தார்கள்.
வெயில் ஏறியதும் படுத்தோம்.
ரகுமத்து நிஷா தூங்கியே போனாள்,
குறட்டை வேறு.
மேஸ்திரி எந்திரத்தின் நிழலில் உட்கார்ந்து
யாருக்கோ போன் செய்துகொண்டே இருந்தார்.
சாயங்காலம் எழுந்தபோது
கோடு பாதி
எங்கள் முதுகில் இருந்தது.

அதை வைத்துத்தான் பிடித்தார்கள்.
முதுகைத் திருப்பச் சொல்லி, வெள்ளை பார்த்து,
பதினோரு பேரை.
முதல் தகவல் அறிக்கையில்
பதினோரு பேருக்கும் தகப்பன் பேர், வயசு.
அதற்குக் கீழே
மற்றும் பலர்.

மறுநாள் காலை ஸ்டேஷனுக்கு
நாற்பத்துமூன்று பேர் போனோம்.
எங்க பேரையும் சேருங்க.
எஸ்.ஐ. எங்களையும் பார்த்தார்
வாசலில் கிடந்த செருப்புகளையும் பார்த்தார்.
கேஸ் வேணும்னு கேட்டு வர்றீகளேம்மா,
கோர்ட்டு வாய்தான்னா என்னன்னு தெரியுமா?
நிஷா சொன்னாள்,
எங்க மொளகாயை இல்லைன்னு எழுதினாக சார்.
நாளைக்கு எங்களை எழுதமாட்டாகளா?

அவர் வெளியே போய்
ஒரு டீ குடித்துவிட்டு வந்தார்.
எழுத்தர் ஒரு வெள்ளைத்தாள் எடுத்தார்.
இது கேஸில் சேராது, சும்மா மனுதான் என்றார்.
சரி, சும்மாவே எழுதுங்க.

என் முறை வந்தது.
பவழக்கொடி என்றேன்.
ள போட்டார்.
அடித்துவிட்டு
ழ போடுங்க சார் என்றேன்.